ஐந்து ஈச்சரத்துக்கு நாலு தரிப்பிடம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில், போட்டோக்கொப்பிக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'பஞ்ச ஈஸ்வர யாத்திரை. 4 நாள். ஏசி வான். சைவச் சாப்பாடு.' கீழே போகும் இடங்கள்: முன்னேஸ்வரம், திருக்கேதீச்சரம், நகுலேஸ்வரம், திருக்கோணேஸ்வரம். மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரல் மடக்கி எண்ணினார்.

"தம்பி, அஞ்செண்டு போட்டுட்டு நாலைத்தானே எழுதியிருக்கினம். மற்றது எங்கை?"

"தெற்கை, மாமி. மாத்தறைக்கு அங்காலை. தொண்டீச்சரம். இப்ப அங்கை சிவன் கோயில் இல்லை."

"இல்லாத கோயிலை என்னத்துக்கு எண்ணுறது?"

மாமி கேட்டுவிட்டு மரக்கறி வாங்கப் போய்விட்டார். எனக்குத்தான் கேள்வி ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அந்த நாலும் ஒரு காலத்தில் இல்லாத கோயில்களாகத்தான் கிடந்தன. போர்த்துக்கேயர் இடித்துப் போட்ட பிறகு சில இடங்களில் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கோபுரமும் இல்லை, மூலஸ்தானமும் இல்லை. அப்படியிருந்தும் நாலு திரும்பி வந்தன, ஒன்று வரவில்லை. ஏன் என்று பார்க்கப் போனால், ஈழத்துத் தலங்களின் கதைகள் சும்மா கேட்டுக் கைகூப்புவதற்கான கதைகள் மட்டும் இல்லை என்பது தெரியவரும். அவை கோயிலின் விலாசம். வீடு இடிந்தாலும் விலாசம் இருந்தால் தேடி வரலாம்.

சரி, முதலில் தலபுராணம் என்ற சரக்கைப் பார்ப்போம். சைவர்கள் ஓர் இடத்தை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றாகச் சொல்வார்கள். கதையும் பெரும்பாலும் இந்த மூன்றையும் கட்டிப்போடத்தான் வரும். ஒருவனுக்குச் சாபமோ நோயோ பாவமோ பிடிக்கும். ஊர் ஊராக அலைவான். இந்தக் குளத்தில் முழுகினான், இந்த லிங்கத்தைத் தொழுதான், தீர்ந்தது. ஆளை மாற்றினால் ஊர் மாறும், சட்டகம் அதேதான். எல்லாம் ஆதிகாலத்தது என்று நாம் நினைத்தாலும், தமிழில் தலபுராண நூல்கள் மலிந்தது கடந்த நாலைந்து நூற்றாண்டுகளில். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியிருக்கிறார். ஊர்க்காரர் வந்து கேட்பார்கள், பாடிக் கொடுப்பார். கதை பழையது, பாட்டு புதியது என்று சமாதானம் சொல்லலாம். சில ஊர்களில் கதையும் அவ்வளவு பழையதில்லை.

தமிழ்நாட்டில் கோயில் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் கதை நிற்கிறது. இலங்கையில் நிலைமை வேறு. கோயில் விழுந்தபோது கதை தனியாக நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் மன்னாரில் இருக்கிற திருக்கேதீச்சரம். மாதோட்டம் என்பது பழைய துறைமுகம். பாளி நூல்களில் மகாதித்த, அதாவது பெருந்துறை. நம் கதை வேறு மாதிரிப் பெயரை விளக்கும்: துவட்டா என்ற தேவதச்சன் பிள்ளை வரம் வேண்டிப் பாலாவித் தீர்த்தத்தில் முழுகித் தவம் கிடந்தான், அவன் பெயரால் மகாதுவட்டாபுரம், அது தேய்ந்து மாதோட்டம். கேது பூசித்ததால் கேதீச்சரம். எது சரி என்று மொழியியல்காரர் சொல்லட்டும். இந்தத் தலத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கிறார்கள். ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டே இரண்டு, மற்றது திருக்கோணேஸ்வரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடிய இரண்டு பேரும் இங்கே வந்ததில்லை. இராமேஸ்வரத்தில் நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் கைகூப்பிப் பாடினார்கள் என்பதுதான் பெரியபுராண மரபு. ஆனாலும் விலாசத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். மாதோட்டம் என்று ஊர் சொல்கிறார்கள். சுந்தரர் அதோடு விடாமல் பாட்டுக்குப் பாட்டு 'பாலாவியின் கரைமேல்' என்று நிறுத்துகிறார். ஊர், நீர்நிலை, எந்தப் பக்கம்: தபாற்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

போர்த்துக்கேயர் காலத்தில் கோயில் போனது. கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பார்கள். துறைமுகம் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது, மக்களும் கலைந்தார்கள், காடு வந்து மூடியது. 1872இல் ஆறுமுக நாவலர், இப்படி ஒரு பாடல் பெற்ற தலம் காட்டுக்குள் கிடக்கிறதே, சைவர்களுக்கு இது தெரியவில்லையா என்று எழுதினார். அவர் கையில் இருந்த ஆதாரம் கோபுரமோ செப்பேடோ இல்லை. அந்த இரண்டு பதிகங்கள்தான். அவர் 1879இல் காலமானார். 1890களில் அந்தக் காணியை அரசாங்கத்திடமிருந்து வாங்கி, காடு வெட்டி, மண் கிண்டிப் பார்த்தார்கள். 1894இல் லிங்கம் கிடைத்தது. நந்தியும் கிடைத்தது. பாலாவியின் கரையில்தான்.

மண்ணுக்குள் முந்நூறு வருடம் இருந்த ஒரு சாமானைப் பாட்டை வைத்துக்கொண்டு போய் எடுத்தது, எனக்கு எந்தப் புராண அற்புதத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது. அப்புறம் நடந்ததில் கொழும்புக்கும் பங்கு உண்டு. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் போன்றவர்கள் முன்னின்று திருப்பணிச் சபை அமைத்தார்கள். 1976இல் குடமுழுக்கு. போர்க்காலத்தில் இராணுவம் அங்கே இருந்தபடியால் திரும்பவும் போகமுடியாத இடமானது. இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுப்பி 2022இல் மறுபடி குடமுழுக்கு. சிவராத்திரி அன்று போனால் பாருங்கள்: சனம் பாலாவியில் குடத்தில் தண்ணீர் மொண்டு வரிசையாக வந்து தங்கள் கையாலேயே லிங்கத்துக்கு ஊற்றும். துவட்டாவின் கதை அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக்கொண்டு நடப்பதில்லை.

கொழும்புக்காரருக்கு ஆகக் கிட்ட உள்ள ஈச்சரம் முன்னேஸ்வரம். சிலாபத்துக்குப் பக்கம், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். புத்தளம் ரயிலில் ஏறினால் சிலாபத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். இதன் கதைதான் ஐந்திலும் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் குறும்பான கதை. இராமன் இராவணனைக் கொன்றுவிட்டுப் புட்பக விமானத்தில் ஊருக்குப் போகிறான். இராவணன் அரக்கன் என்றாலும் விசிரவசு முனிவரின் மகன், புலத்தியரின் பேரன், பிராமணன். பிரமகத்தி பிடித்துவிட்டது. நிழல் மாதிரி விமானத்தின் பின்னாலேயே வருகிறது. ஓரிடத்துக்கு மேலே வந்ததும் சட்டென்று அது இல்லை. இதென்ன இடம் என்று கீழே இறங்கிப் பார்த்தால் சிவன் கோயில். இராமன் வருவதற்கு முன்னமே இருந்த ஈச்சரம், ஆகவே முன்னை ஈச்சரம். சிவபெருமான் சொல்கிறார்: இங்கே விட்டது திரும்பி வராமல் இருக்க நாலு இடத்தில் லிங்கம் வை. மானாவரி, திருக்கோணேஸ்வரம், திருக்கேதீச்சரம், கடைசியாக இராமேஸ்வரம். மானாவரி சிலாபத்துக்குக் கொஞ்சம் வடக்கே, தெதுறு ஓயாப் பக்கம். அங்கே இருப்பது மணலால் பிடித்த லிங்கம் என்பார்கள்.

இராமேஸ்வரத்துக்காரர் இதைக் கேட்டால் சண்டைக்கு வரவேண்டும். அவர்கள் கதைப்படி பாவம் தீர்ந்தது அவர்கள் ஊரில். அனுமன் கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரப் பிந்தியதால் சீதை மணலில் லிங்கம் பிடித்தாள், அதுதான் மூலவர். இங்கேயும் மணல், அங்கேயும் மணல். ஆனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. தலக்கதைகள் ஒன்றையொன்று மறுப்பதற்காக எழுந்தவை இல்லை. பயணப் பாதையில் தாங்களும் ஒரு தரிப்பிடம் என்று கை தூக்குகின்றன, அவ்வளவுதான். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அந்த நாலு லிங்கமும் பழைய கடல்வழியில் கப்பல் தங்கிய துறைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சிலாபம் முத்துக்குளிப்புக் கரை. மாதோட்டம் துறைமுகம். திருகோணமலை துறைமுகம். இராமேஸ்வரம் தீவு. வாணிகன் போன வழியில் இராமனும் போயிருக்கிறான்.

குறும்பு எங்கே என்றால், கதையின் உள்ளே. காவியத்தில் வென்றவன் இராமன். இலங்கைக் கோயில் சொல்கிற கதையில் அவன் வென்ற கையோடு குற்றவாளி. தோற்றவனின் தீவில், தோற்றவன் கும்பிட்ட கடவுளிடம் வந்து மன்னிப்பு வாங்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துக் கதைசொல்லிகள் இராமனை ஒரு வார்த்தை குறை சொல்லாமலே இதைச் செய்துவிட்டார்கள்.

முன்னேஸ்வரத்தையும் 1578இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். ஆனால் அது கேதீச்சரம் போலக் காட்டுக்குள் மறையவில்லை. கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அந்தக் கோயிலுக்கு மானியம் கொடுத்த கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் திரும்பக் கட்டுவித்தான். இன்றைக்கும் ஆவணித் திருவிழாவுக்குப் போனால் தமிழைவிடச் சிங்களம்தான் கூடக் கேட்கும். அவர்களில் பலர் வருவது பக்கத்தில் இருக்கிற காளி அம்மனுக்கு. இராமன் கதை அவர்களுக்கு முக்கியமில்லை. நேர்த்தி வைத்தால் பலிக்கும் என்பதுதான் முக்கியம். ஒரு தலத்தைத் தூக்கி நிறுத்த இரண்டு வேறு சனங்கள் இரண்டு வேறு காரணங்களோடு வந்துபோனால் அது எளிதில் விழாது.

திருகோணமலைக் கதைகள் ஊரெல்லாம் தெரிந்தவை. அதனால் ஓடிப் போகிறேன். இராவணன் தாய்க்காக மலையைப் பெயர்க்க வாளால் வெட்டியது இராவணன் வெட்டு. தாய் இறந்துவிட்டாள் என்று திருமால் முதியவர் வேடத்தில் வந்து சொல்ல, அந்தியேட்டிக்காக, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்காக, உண்டான ஏழு கிணறுகள் கன்னியா வெந்நீரூற்று. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வரும் நீர் அது. ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. திருகோணமலைச் சனம் இன்றும் அந்தியேட்டிக்கு அங்கே போகிறது. சம்பந்தர் தன் பதிகங்களில் எட்டாம் பாட்டை இராவணனுக்கு ஒதுக்குவது வழக்கம். கோணமாமலைப் பதிகத்திலும் அப்படித்தான். மற்ற ஊரில் அது வழக்கம், இங்கே அது உள்ளூர்ச் செய்தி.

ஆனால் ஓடிப் போகமுடியாத ஒன்று உண்டு. 1622இல் கோயிலை இடித்து அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை வாசலில் ஒரு கல்லில் தமிழ் எழுத்தும் இரட்டைக் கயலும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான், அதற்குப் பிறகு பூனைக்கண்ணன் வருவான் என்று வருங்காலம் சொல்லும் பாட்டு. இடித்த கோயிலின் கல்லில் இடிக்கப்போவதைப் பற்றிய பாட்டு! எப்போது எழுதியது, யார் எழுதியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இடிப்பையே தலக்கதையின் ஓர் அத்தியாயமாக விழுங்கிவிட்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அடுத்த அத்தியாயம் இனித்தான் என்று சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது.

கோயில் இல்லாத காலத்திலும் பூசை நிற்கவில்லை. ஐயர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று, கீழே கடல் அறைய, தேங்காய் உடைத்துப் பூவும் பழமும் கடலுக்குள் எறிந்து தீபம் காட்டுவார் என்று 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள். மூர்த்தி இல்லை, கோயில் இல்லை; தலமும் கடலும் இருந்தன. 1950இல் கோட்டைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டும்போது செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மலையடியில் கடலுக்குள் முழுகித் தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள். 1963இல் குடமுழுக்கு.

நகுலேஸ்வரம் இருக்கிற யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கும் இதே சட்டகம்தான். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் ஊற்றில் முழுகி முகம் மாறினார். குதிரை முகமும் குன்ம நோயும் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி முழுகி அழகானாள். மா என்றால் குதிரை; மா விட்ட புரம், மாவிட்டபுரம். அவள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலுக்குக் காங்கேயன் சிலை வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை. ஒரே கதையில் மூன்று ஊருக்குப் பெயர் வைத்தாயிற்று. கடலுக்கு ஒரு முழம் இப்பால் நல்ல தண்ணீர் ஊறுவது யாருக்கும் அதிசயம்தான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைநீர் வெடிப்புகளால் இறங்கி, உப்புநீருக்கு மேல் மிதந்து, கரையில் வந்து கொப்பளிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கேணியில் இறங்கும்போது உடம்பு சிலிர்ப்பது குறைவதில்லை. நகுலேஸ்வரம் 1990இல் குண்டுவீச்சில் சேதமாகி, உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, 2012இல் குடமுழுக்குக் கண்டது. நடுவில் உள்ள அவ்வளவு காலமும் ஆடி அமாவாசை வரும்போதெல்லாம் தகப்பனை இழந்தவர்களுக்குக் கீரிமலை நினைப்பு வரும். வெள்ளவத்தைக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, "கீரிமலைக்குப் போகேலாமல் இதிலை செய்யுறம்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

கொழும்பின் சங்கதியே இதுதான். இந்த நகரத்துக் கோயில்களுக்குத் தலபுராணம் கிடையாது, சரித்திரம்தான் உண்டு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை எடுத்தால், 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டினார், மகன் சேர் பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திரும்பக் கட்டினார். தூண்களைத் தொட்டுப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் போன மாதிரி இருக்கும். ஆனால் முனிவரும் இல்லை, சாபமும் இல்லை. கதை வேண்டுமென்றால் கொழும்பு கடன் வாங்கும்.

ஆகப் பெரிய கடன் தெற்கே இருக்கிற முருகன் தலமான கதிர்காமத்திலிருந்து வாங்கியது. 1870களில், யாத்திரைக் கூட்டத்தால் வாந்திபேதி பரவுகிறது என்று ஆங்கிலேய அரசாங்கம் கதிர்காமத்துக்குப் போவதைக் கட்டுப்படுத்தியது. செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், போகமுடியாவிட்டால் முருகனின் வேலாயுதத்தை இங்கேயே ஊர்வலம் விடுவோம் என்றார்கள். அதுதான் ஆடிவேல். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து தேர் புறப்பட்டுக் காலி வீதியால் பம்பலப்பிட்டிப் பக்கம் வந்து திரும்பும். 1983க்குப் பிறகு பல வருடம் நின்று போய்த் திரும்பத் தொடங்கியது. எங்கள் வீட்டில் பழைய ஆட்கள் 'வேல்' என்றால் கரும்பும் கச்சானும் வளையல் கடையும் என்பார்கள். கதிர்காமம் என்ற சொல்லே வராது.

கதிர்காமத்தில் நடப்பதைத் தெரிந்தவர்களுக்குத்தான் கொழும்பு எதைக் கடன் வாங்கியது, எதை விட்டுவிட்டது என்று விளங்கும். அங்கே சிலை இல்லை. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கப்புறாளை என்ற பூசகருக்குத்தான் தெரியும். அவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், மந்திரம் கேட்காது. திருவிழா இரவுகளில் யந்திரம் உள்ள பேழையை யானை மேல் வைத்துக்கொண்டு வள்ளியின் கோயிலுக்குப் போய் வருவார்கள். தெய்வயானை கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போவதில்லை. மூத்த பெண்சாதியை விட்டுவிட்டு வேடப் பெண்ணைத் தேடி வந்த கடவுளின் கதை ஒவ்வோர் இரவும் வீதியில் நடக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிச் செல்லக் கதிர்காமம். பிள்ளையார் யானையாக வந்து வள்ளியைப் பயமுறுத்தியது அங்கேதான் என்பார்கள். கந்தபுராணமோ வள்ளியைத் தொண்டைநாட்டு வள்ளிமலையில் வைக்கிறது. திரும்பவும் இரண்டு விலாசம், திரும்பவும் சண்டை இல்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து, உகந்தை தாண்டி, குமண, யால காட்டுக்குள்ளால் போய்ச் சேருகிறவரிடம் வள்ளிமலையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கால் வீங்கின ஆளிடம் ஆதாரம் கேட்கிற தைரியம் எனக்கில்லை.

இதிலிருந்து நான் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஓர் இடத்தின் கதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, எவ்வளவு பழையது என்று கேட்பதில்லை. அந்தக் கதையால் யாராவது அங்கே ஏதாவது செய்கிறார்களா? முழுகுகிறார்களா, பிதிர்க்கடன் கழிக்கிறார்களா, தண்ணீர் சுமக்கிறார்களா, நடக்கிறார்களா? இப்போது சுற்றுலாத்துறை இராமாயணப் பாதை என்று மலையகம் முழுக்கப் பலகை நட்டிருக்கிறது: விமானம் இறங்கிய இடம், சீதை கண்ணீர் விட்ட குளம். வட இந்தியக் கூட்டம் பஸ்ஸில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறது. மறுபக்கத்தில் சிங்கள இளைஞர் பலருக்கு இராவணன் தங்கள் பழைய மன்னன். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் செய்மதிக்கே இராவணா-1 என்று பெயர். இவற்றில் எல்லாம் பொய் என்று கையை உதறவும் முடியாது. நுவரெலியாச் சீதா எலிய அம்மன் கோயிலில் தோட்டத்துச் சனம் தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறது. 2024இல் அயோத்தியிலிருந்து சரயு நீர் கொண்டுவந்து குடமுழுக்குச் செய்தார்கள். அது அளவுகோலில் தேறும். வெறும் பலகை தேறாது. நாளைக்கு யாராவது அதன் முன்னால் தேங்காய் உடைக்கத் தொடங்கினால் அதுவும் தேறலாம்.

இனி மாமியின் கேள்வி. தொண்டீச்சரம் இருந்ததாகச் சொல்லப்படும் இடம் தெவிநுவர, இலங்கையின் தென்முனை. புகழில் மற்ற நாலும் கிட்ட வரமுடியாது. 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா அங்கே பெரிய கோயிலையும், மாணிக்கக் கண்கள் வைத்த ஆளுயரப் பொன்சிலையையும், ஆயிரம் பிராமணரையும், இரவில் ஆடிப்பாடும் ஐந்நூறு பெண்களையும் எழுதியிருக்கிறார். சீனப் பேரரசரே காணிக்கை அனுப்பினார். 1588இல் போர்த்துக்கேயர் கொள்ளையிட்டுக் கொளுத்தினார்கள்.

ஆனால் அதற்குப் பதிகம் இல்லை. முழுகிக் கழுவ ஒரு சாபக் கதை நம்மிடம் எஞ்சவில்லை. சுற்றிவரக் கதை சொல்லத் தமிழ்ச் சனமும் இல்லாமல் போனது. ஐந்து ஈச்சரங்கள் சிங்களவரின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன் வருமுன்னே இருந்தன என்று சிங்கள வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் 1917இல் எழுதியதைத்தான் நாம் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறோம். உண்மையில் அங்கே இருந்தது சிவனா என்பதிலேயே ஆய்வாளரிடையே ஒற்றுமை இல்லை. சிங்கள மரபு உபுல்வன் என்ற தெய்வத்தைச் சொல்லும், பிறகு அது விஷ்ணுவானது. அந்த விலாசத்தில் ஒருவரும் இல்லை என்றும் சொல்லமுடியாது: நீலம் பூசிய விஷ்ணு தேவாலயம் இருக்கிறது, வருடாவருடம் பெரஹர ஊர்வலம் நடக்கிறது, சனம் பூத்தட்டோடு வருகிறது. அவர்கள் கதை அவர்களிடம் அறுபடாமல் இருக்கிறது. அறுந்தது நம் பக்கத்து நூல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு கொழும்பு 7, தேசிய நூதனசாலைக்குப் போனேன். அங்கே ஒரு கல் இருக்கிறது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இரண்டு டிராகன். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தலைவன் ஷெங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதி. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஒரே மாதிரிக் காணிக்கைப் பட்டியல். சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனவரை, அதாவது தெவிநுவர, நாயினாருக்கு. இந்த நாயினாரைத் திருமாலாகக் கொள்பவர்கள்தான் அதிகம். 1911இல் காலி நகரில் எடுத்தபோது இது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. எத்தனை வண்டி ஏறிப் போயிருக்குமோ, எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது.

மாமி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தமிழ்ப் பக்கத்தில் தெரிந்த எழுத்தைத் தேடினார். ஒரு 'ன', ஒரு 'ம' அகப்பட்ட மாதிரி இருந்தது. பின்னால் கதிரையில் இருந்த காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதிலை ஒரு பூ வைக்க விடுவாங்களோ?" என்று மாமி மெல்லக் கேட்டார்.